சாலைக்கும் ஒரு பாடு

2021 டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி வாக்கில், பழவேற்காட்டு ஏரியைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குச் செல்லும் பாலத்தின் மறுமுனையில் எங்கள் கார் நின்றிருந்தது. ஏரியின் ஆழமற்ற நீரில் தூரத்தே பூநாரைகள் தெரிந்தன. எங்களுள் ஒருவர் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார், மற்றொருவர் பறவைகளைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மீன் கூடைகளும் பனிக்கட்டிப் பெட்டிகளும் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்று, இரண்டு முறை ஒலி எழுப்பியது. ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்திருந்த வயதான பெண்மணி தலையை வெளியே நீட்டி, "வண்டிய ஓரங்கட்டு தம்பி, ஐசு கரையுது" என்றார். "அஞ்சே நிமிஷம்மா" என்றோம். "காலையிலேர்ந்து நீங்க நாலாவது வண்டி தம்பி. எல்லாரும் அஞ்சு நிமிஷம்தான் சொல்றீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வதுபோல்தான் இருந்தது.

காரை நகர்த்தினோம். வண்டி பொன்னேரியை நோக்கிப் போயிற்று. நிகழ்ந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த 'நாலாவது வண்டி' என்ற சொல் திரும்பி வரும் வழியெல்லாம் எங்களோடு வந்தது. 2020க்கு முன்பு எந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் நாங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போனதில்லை. பெருந்தொற்று எங்களை வீட்டுக்குள் வைத்தது என்று எல்லோரையும் போலவே நாங்களும் சொல்லி வந்திருக்கிறோம். வீட்டுக்குள் வைக்கப்பட்டவர்கள் அறுபது கிலோமீட்டர் தள்ளி, இன்னொருவரின் வேலைநேரத்தில், அவர் வேலைக்குப் போகும் சாலையை மறித்துக்கொண்டு நின்றது எப்படி? இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடை.

*

முதலில் எங்கள் பழைய பழக்கத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுவில் நால்வர் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் மென்பொருள் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்ட பிறகு அந்தச் சாலை நெடுக எழுந்த கட்டடங்களுக்குள் எங்கள் இளமை கழிந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்தை மத்திய கைலாஷுக்கும் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாகச் செலவழித்தோம். நாவல் படிக்க நேரமில்லை என்று அங்கலாய்த்ததெல்லாம் அந்தப் பதினைந்து மணி நேரத்தை மனத்தில் வைத்துத்தான். வார இறுதியில் காரைத் தொடவே கை கூசும். ஞாயிறன்று கார், உறை போர்த்தி, தெருவில் உறங்கும்.

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் ஊரடங்கு தொடங்கியது. மறுநாள் நாடு முழுவதும். அலுவலகம் மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. சாலைகள் வெறிச்சோடிய அந்த வாரங்களில், நண்பர்கள் பலர் ஒரு புதிய உலகம் பிறந்துவிட்டதாகவே எழுதினார்கள். வேலை, கம்பி வழியே வீட்டுக்கு வந்துவிட்டால் மனிதன் ஏன் வேலைக்குப் போக வேண்டும்? புகை குறையும், நெரிசல் குறையும், நகரம் மூச்சுவிடும். நாங்களும் அப்படி நம்பினோம்.

இந்த நம்பிக்கை புதியதன்று. 1973லேயே அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்பவர் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சூட்டி, தொலைத்தொடர்பு போக்குவரத்தை ஈடுசெய்ய முடியுமா என்று ஆராய்ந்தார். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நெரிசல் அவர் கண்முன் இருந்தது. செய்தியை அனுப்பினால் போதும், ஆளை அனுப்ப வேண்டியதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். கேட்பதற்கு எவ்வளவு எளிமையாக இருக்கிறது!

ஆனால் அதே பத்தாண்டில் யாக்கோவ் ஜஹாவி என்னும் போக்குவரத்து ஆய்வாளர் வேறொன்றைச் சொன்னார். மனிதர்கள் பயணத்துக்கென்று ஒரு நாளில் ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தைச் செலவிடுகிறார்கள், வண்டி வேகமானால் அவர்கள் நேரத்தைச் சேமிப்பதில்லை, இன்னும் தொலைவு போகிறார்கள் என்றார். 1994இல் இத்தாலிய அறிவியலாளர் செசாரே மார்க்கெட்டி இதை மேலும் விரித்து, நடந்து திரிந்த காலம் தொட்டுக் கார் காலம் வரை அந்த அளவு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்று வாதிட்டார். இதை இயற்கை விதி என்று நாங்கள் ஏற்கவில்லை. தினமும் மூன்று மணி நேரம் சாலையில் கழித்த எங்கள் வாழ்க்கையே அதற்கு மறுப்பு. ஆனாலும் அதன் உள்ளே ஒரு உண்மை இருக்கிறது. பயணத்தில் மிச்சமாகும் நேரம், பயணத்தையே தேடிக்கொண்டு போகிறது.

*

எங்கள் கார்களுக்கு நேர்ந்ததை நினைவுபடுத்திப் பார்க்கிறோம். முதல் மூன்று மாதங்களில் அவை அசையவில்லை. மின்கலம் இறங்கிப்போனது. 2020 ஜூனில் சென்னையில் கட்டுப்பாடு கடுமையானபோது, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போகக் கூடாது என்றார்கள். வாரத்துக்கு ஒரு முறை வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது ஒரு சடங்காயிற்று.

செப்டம்பர் முதல் தேதியோடு மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும் என்ற விதி நீங்கியது. அலுவலகமோ திறக்கவில்லை. இங்கேதான் பழக்கம் மாறியது. ஐந்து நாளும் நாற்காலியைவிட்டு நகராத உடம்பு, ஆறாம் நாள் தானாகச் சாவியைத் தேடியது. மெரினா 2020 டிசம்பர் 14 வரை மூடியே கிடந்தது. பேருந்திலும் ரயிலிலும் ஏற அச்சம். கார் என்பது சக்கரம் வைத்த வீடாகிவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் யார் மூச்சும் நம்மேல் படாது. ஆகவே திருப்போரூர், முட்டுக்காடு, நாகலாபுரம், பழவேற்காடு என்று கிளம்பினோம். வேலைக்குப் போகும் வண்டியாக இருந்தவரை அது எங்களுக்குச் சுமை. வேலைக்குப் போக வேண்டாம் என்றானதும் அதுவே எங்களுக்கு விடுதலை.

வேறு நாடுகளிலும் இதுவே நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் ப்ளூம், தொலைவேலையைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அவரும் அலெக்ஸ் ஃபினானும் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று வேடிக்கையானது. கார்களின் இடமறியும் தரவுகளைக் கொண்டு, அமெரிக்காவின் கோல்ஃப் மைதானங்களுக்கு வந்து போகும் வண்டிகளை எண்ணினார்கள். வாரநாட்களில், அதுவும் புதன்கிழமை பிற்பகலில், பெருந்தொற்றுக்கு முன்பிருந்ததைவிடப் பன்மடங்கு கூட்டம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நடுவில் எழுந்து கோல்ஃப் ஆடப் போயிருக்கிறார்கள். அலுவலகப் பயணம் குறைந்த இடத்தில் வேறு பயணங்கள் முளைத்தன. நெரிசல் காலை எட்டரையிலிருந்து நகர்ந்து பகலெல்லாம் பரவியது.

காலியான சாலை மனிதனைச் சாந்தப்படுத்தும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. அமெரிக்காவில் 2020இல் வண்டிகள் ஓடிய தொலைவு பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. ஆனால் சாலையில் இறந்தோர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறி 38,824 ஆனது. இந்தியாவில் விபத்துகள் 2019இல் 4,49,002, 2020இல் 3,66,138. மரணங்கள் 1,51,113இலிருந்து 1,31,714 ஆகக் குறைந்தன. குறைந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நூறு விபத்துக்கு எத்தனை மரணம் என்று பார்த்தால் 33.7ஆக இருந்தது 36ஆக உயர்ந்திருக்கிறது. வழி விட்டுக் கிடந்த சாலையில் வேகம் கூடியது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். நெரிசலில் நாம் சபித்த ஊர்தல்தான் நம்மைக் காத்தும் வந்தது போலும்.

காப்பீட்டு உலகமும் இந்த மாற்றத்தைக் கண்டுகொண்டது. ஓட்டிய தொலைவுக்கு ஏற்பக் காப்பீட்டுத் தொகை செலுத்தும் கூடுதல் திட்டங்களை 2022 ஜூலையில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. வண்டியைக் குறைவாக ஓட்டுபவனுக்குக் குறைவான கட்டணம். நல்ல ஏற்பாடுதான். எங்களுள் ஒருவர் அதில் சேர்ந்தார். ஆண்டின் இறுதியில் கணக்குப் பார்த்தபோது, அலுவலகம் போகாத அந்த ஆண்டிலும் அவர் ஓட்டிய தொலைவு எதிர்பார்த்த அளவு குறைந்திருக்கவில்லை. சிறு சிறு பயணங்கள் நூறு இருந்தன. நெடும்பயணங்கள் இருபது இருந்தன.

இதற்குள் அலுவலகங்கள் மனம் மாறின. 2025க்குள் தன் ஊழியர்களில் நான்கில் ஒருவர் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்ற நிலையை எட்டுவோம் என்று 2020இல் அறிவித்த டாட்டா கன்சல்டன்சி, 2023இல் எல்லோரையும் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. பல நிறுவனங்கள் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே என்ற உடன்பாட்டில் நின்றன. விளைவு என்ன? பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசல் திரும்பியது, மெட்ரோ பணிகளோடு சேர்ந்து இன்னும் இறுகியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் போய்விடவில்லை. பழக்கம் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரும் என்று நினைத்தோம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன.

*

இப்போது பாலத்தின் மறுமுனைக்கு வருவோம்.

பழவேற்காடு, சிலிகாவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது இங்கேதான். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டின் மேல், கலங்கரை விளக்கத்தை ஒட்டி இருப்பதால் அந்த ஊருக்கு லைட்ஹவுஸ் குப்பம் என்று பெயர். தெற்கே அரங்கங்குப்பம், கூனங்குப்பம், சாட்டான்குப்பம் என்று குப்பங்கள் தொடர்கின்றன. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவே ஒரு சாலை. அந்தச் சாலையிலேதான் பனிக்கட்டி வருகிறது, அதிலேயே மீன் போகிறது. பள்ளிப் பிள்ளைகளும் பிரசவத்துக்குப் போகும் பெண்களும் அதே வழியில்தான் போயாக வேண்டும். இன்னொரு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவது என்பதெல்லாம் நகரத்துக்காரர்களின் வசதி.

'வீட்டிலிருந்து வேலை' என்ற தொடரை நாம் ஏதோ 2020இல் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறோம். குப்பத்தின் வீட்டு வாசல் எப்போதும் வேலையிடம்தான். வலையின் கிழிசலைத் தைப்பதும், மீனை உலர்த்துவதும், கருவாட்டைக் காகத்திடமிருந்து காப்பதும் வீட்டிலிருந்து செய்யும் வேலைகளே. பழவேற்காட்டு ஊருக்குள் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் பின்னுவதும் அப்படியே. ஆனால் அந்த வேலைகள் வீட்டோடு முடிவதில்லை. கூடை சந்தைக்குப் போக வேண்டும். மீன் அன்றைக்கே போக வேண்டும். கோப்பைக் கம்பி வழியே அனுப்பலாம், இறாலை அனுப்ப முடியுமா? நில்ஸின் வாதத்தில் இடமில்லாமல் போனவர்கள் இவர்கள்.

ஊரடங்கில் இவர்கள் பட்டதை நாம் போதுமான அளவு எழுதவில்லை. 2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் தமிழகத்தில் தளர்வில்லாத முழு ஊரடங்கு. தமிழன் மீன் வாங்கும் நாளே ஞாயிறுதானே! வாரத்தின் ஆறு நாள் வியாபாரம் சேர்ந்தாலும் ஞாயிறு ஒன்றுக்கு ஈடாகாது என்பதைச் சந்தையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். கும்மிடிப்பூண்டித் தடத்தின் மின்சார ரயில்கள் மாதக்கணக்கில் பொதுமக்களுக்கு ஓடவில்லை. கூடையோடு பொன்னேரியில் ரயிலேறி நகரத்துக்கு வந்து விற்றுப் பழகிய பெண்களுக்கு அது வழி அடைபட்டதற்குச் சமம். வண்டி வாடகைக்குப் பிடிக்கலாம் என்றால், 2020 மே மாதத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியிருந்தது. அந்நாளில் கச்சா எண்ணெயின் விலை சரிந்திருந்ததால் உயர்வு உடனே விற்பனை விலையில் தெரியவில்லை. எண்ணெய் விலை ஏறத் தொடங்கியதும் தெரிந்தது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. மீனவரின் படகுக்கு வரிவிலக்கு டீசல் உண்டு. அந்தப் படகு கொண்டுவந்த மீனை ஏற்றிச் செல்லும் குட்டியானைக்கு அது கிடையாது.

வீட்டிலிருந்து வேலை பார்த்த எங்களுக்கு எரிபொருள் செலவு மிச்சமானது. வீட்டிலிருந்து வேலை பார்க்க இயலாதவர்கள் ஏறிய விலையைச் சுமந்தார்கள். எங்கள் மிச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அவர்கள் சாலைக்கு நாங்கள் பறவை பார்க்கப் போனோம். இதை இப்படி நிறுத்தி எழுதிப் பார்க்கும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது.

*

இலக்கிய வாசகர்களுக்கு இந்தக் காட்சி பழகியது. நெய்தல் திணையில் தேர் என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. நற்றிணையின் 45ஆம் பாட்டில் கடற்கரைச் சிறுகுடிக்கு வரும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். இவள் மீனவன் மகள், நீயோ கடைவீதிகள் நிறைந்த பழைய ஊரின், விரைந்த தேர்களை உடைய செல்வனின் மகன் என்று வேறுபாட்டை எடுத்து வைக்கிறாள். மீனை உலர்த்திப் பறவை ஓட்டும் எங்கள் மேல் புலால் நாறும், விலகி நில் என்கிறாள். எங்கள் எளிய வாழ்வை உன்னுடையதோடு ஒப்பிட வேண்டாம், எங்களுக்குள்ளும் செம்மல்கள் உண்டு என்று நிமிர்வோடு முடிக்கிறாள். உரையாசிரியர்கள் இதைத் தலைவனைச் சேர்த்துக்கொள்ள மறுப்பதாகப் படிப்பார்கள். பாலத்தடியில் காரை ஓரங்கட்டிய பிறகு எங்களுக்கு அது போக்குவரத்தைப் பற்றிய பாடலாகவும் படுகிறது. தேரில் வருகிறவனுக்கு அந்தக் கானல் ஒரு காட்சி. அங்கே இருப்பவளுக்கு அது வேலை நடக்கும் இடம்.

அந்த வாடை இன்றும் ஒரு தடையாகத்தான் இருக்கிறது. நாங்கள் பாலத்தில் நின்ற அதே 2021 டிசம்பரில், தெற்கே குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டியை வாடை வீசுகிறது என்று இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காணொளி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாதத்தில்தான் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பயணச்சீட்டு இலவசம் ஆகலாம். ஆனால் கூடையோடு ஏறும் உரிமையைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. காரில் இருப்பவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

*

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதைத் தட்டிக்கழிக்க நாங்கள் விரும்பவில்லை. நகரத்துக்காரர்கள் வருவதால் ஊருக்கு வருமானம்தானே? உண்மை. நண்டும் இறாலும் கரையிலேயே நல்ல விலைக்கு விற்கின்றன. வறுத்த மீன் கடைகள் வந்திருக்கின்றன. 'வராதீர்கள்' என்று எங்களிடம் அங்கே யாரும் சொன்னதில்லை. அந்தப் பெண்மணியும் ஓரங்கட்டச் சொன்னாரே தவிரத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஊருக்குள் வருகிறவனை வரவேற்கும் பண்பு குப்பத்துக்கு இருக்கிறது. எப்படி வருவது என்ற பண்பு எங்களுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

பண்பில்லாமல் போனால் என்னாகும் என்பதற்கு ஒரு கொடிய நினைவும் அந்த நீரில் உண்டு. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசப் பயணம் வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாவுக்குப் படகு சவாரி தடை செய்யப்பட்டது. இன்றும் காரைவிட்டு இறங்கியவுடன் 'போட்டிங் உண்டா?' என்று கேட்பவர்களைக் காண்கிறோம். காசு நீட்டினால் இல்லை என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவரிடம் அக்கேள்வியைக் கேட்பது, ஆபத்தை அவர் தலையில் கட்டுவதாகும்.

எப்படி வருவது என்பதற்கான விடையை ஏரியே வைத்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பழவேற்காட்டு மீனவர்களிடையே 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலவே, ஆட்கள் பலர். ஆகவே இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் யாருக்கும் நிலையாகச் சொந்தமில்லை, யாருக்கும் முற்றாக இல்லாமலும் போவதில்லை. இதை ஒரு பொற்காலக் கதையாக்க நாங்கள் முயலவில்லை. அந்த முறைக்குள் இடம் கிடைக்காதவர்களும் ஏரிக்கரையில் உண்டு. அதன் பேரில் பூசல்களும் நடந்திருக்கின்றன. ஆயினும் அதன் அடியில் இருக்கும் எண்ணம் பெரியது. பொதுவானது குறைவாக இருக்கும்போது, வலிமையுள்ளவன் முந்திக்கொள்வதற்குப் பதிலாக, எல்லோரும் தத்தம் முறைக்குக் காத்திருப்பது.

சாலையும் அப்படிப்பட்ட பொதுதான். அலுவலகம் போன காலத்தில் எங்களை அறியாமலே சாலைக்கு ஒரு பாடு இருந்தது. வாரநாட்களின் காலையும் மாலையும் பழைய மாமல்லபுரம் சாலையில் எங்களுடையவை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பழவேற்காட்டுச் சாலை மீனுடையது. வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாடு அந்த முறையைக் கலைத்துவிட்டது. எந்த நேரமும் எங்கள் நேரமானது, எந்தச் சாலையும் எங்கள் சாலையானது. நேரத்தை இப்படி விருப்பம்போல் மாற்றி வைக்கும் உரிமை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மீனுக்கும் அலைக்கும் கட்டுப்பட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அப்படியானால் விலகிக்கொள்ள வேண்டிய கடமை யாருடையது? நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவனுடையது.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது இதுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வாய்ப்பு உள்ளவர்கள், ஞாயிறு காலையை விட்டுவிட்டு, வாரநாள் ஒன்றின் பிற்பகலில் போகலாமே. புதன்கிழமை கோல்ஃப் ஆடுகிறவன் செய்வதை நாம் கொஞ்சம் நல்ல காரணத்துக்காகச் செய்யலாம். காரைப் பழவேற்காட்டு ஊரிலேயே நிறுத்திவிட்டுப் பாலத்தை நடந்து கடக்கலாம். நடக்கிறவனுக்குத்தான் பறவையும் நன்றாகத் தெரியும். இயலுமானால் மின்சார ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பேருந்தில் போகலாம். காரில் போகிறவன் கூடிக்கொண்டே போனால் பேருந்தைப் பற்றிக் கேட்கும் குரல்கள் குறையும். பேருந்து குறைந்தால் முதலில் நிற்பது கூடைக்காரிதான். நகரத்தவன் ஏறி அமர்ந்து, நேரத்துக்கு வரவில்லை என்று முறையிடும் பேருந்துக்குத்தான் இந்நாட்டில் மரியாதை கிடைக்கிறது என்பது வருத்தத்துக்குரிய உண்மை. அந்த மரியாதையையாவது நாம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இது தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் தீர்வதன்று என்பதையும் அறிவோம். தொலைவேலையைப் பற்றிக் கொள்கை வகுப்பவர்கள் கட்டட வாடகையையும் ஊழியரின் உற்பத்தித் திறனையும் கணக்கிடுகிறார்கள். அதனால் சாலையில் யார் எப்போது மிகுதியாகிறார்கள், யார் நிற்க நேர்கிறது என்பதை யாராவது கணக்கிட வேண்டும். குப்பங்களுக்குப் போகும் சாலையில் விடுமுறை நாட்களில் வெளி வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதை ஊராட்சியும் மீனவர் பஞ்சாயத்தும் சேர்ந்து முடிவு செய்ய இடம் கொடுக்க வேண்டும். முறை வைப்பதில் அவர்களுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம்.

எங்களைப் பற்றிய ஒரு வாக்குமூலத்தோடு முடிக்கிறோம். அந்த டிசம்பருக்குப் பின் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு மூன்று முறை போயிருக்கிறோம். இரண்டு முறை ரயிலிலும் பேருந்திலும். பொன்னேரியில் முக்கால் மணி நேரம் பேருந்துக்குக் காத்திருந்தோம், திரும்பும்போது நின்றுகொண்டே வந்தோம். சௌகரியமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டோம். மூன்றாம் முறை, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்ற சாக்கில், மறுபடியும் காரில்தான் போனோம். ஆனால் செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணிக்கு. காரை ஊருக்குள் விட்டுவிட்டுப் பாலத்தில் நடந்தோம். ஏலம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. எதிரே காலிப் பெட்டிகளோடு ஒரு குட்டியானை வந்தது. நாங்கள் கைப்பிடிச் சுவரோடு ஒண்டி நின்றோம். வண்டி நிற்காமல் போயிற்று.